கையெழுத்து கேட்கிற நன்றி

(பட்டிமன்றத் தலைப்பு: அமெரிக்கா தன் படைவீரர்களுக்குக் கட்டும் கல்லூரிக் கட்டணம் – நன்றிக்கடனா? ஆள்பிடிக்கும் தூண்டிலா? ‘தூண்டிலே!’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி இந்த அரங்கத்தையே அழ வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணிப் பேராசிரியை அம்மா அவர்களே! (சிரிப்பு) என் அணித் தலைவர் அவர்களே! நேரில் வந்திருக்கிற பெரியோர்களே! வீட்டில் டி.வி. முன்னால் காய் நறுக்கிக்கொண்டே நாங்கள் சண்டை போடுவதைப் பார்க்கிற தாய்மார்களே! 

காலையில் கிளம்பும்போது வீட்டில் கேட்டாங்க, ‘இன்னைக்கு என்ன தலைப்பு?’ என்று. சொன்னேன். ‘அமெரிக்காவில் பட்டாளத்துக்காரனுக்கு ஃபீஸ் யார் கட்டுனா உங்களுக்கு என்னங்க? முதல்ல நம்ம பையனுக்கு டெர்ம் ஃபீஸ் கட்டுங்க’ என்றாள் என் மனைவி. (பலத்த சிரிப்பு) நியாயமான கேள்வி. ஆனால் ஐயா, எனக்கு அதில் கொஞ்சம் சொந்தப் பாத்தியதை இருக்கிறது. என் அண்ணன் டெக்சாஸில் இருக்கிறார். அவருடைய மூத்த பெண், எனக்கு மகள் முறை, அங்கேயே பிறந்து வளர்ந்தவள், 2015-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தாள். எதுக்காகச் சேர்ந்தாள்? அதைப் பிறகு சொல்றேன். முதலில் அம்மா அவர்கள் சொன்னதற்கு வருவோம்.

அம்மா என்ன சொன்னாங்க? ‘நம்ம கர்ணன் செஞ்சோற்றுக் கடன் தீர்த்தான். அமெரிக்கா அந்தக் கடனைத் திருப்பிப் போட்டது. வீரன் நாட்டுக்குக் கடன்பட்டவன் இல்லை, நாடுதான் வீரனுக்குக் கடன்பட்டது என்று சொல்லிப் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டது’ என்றாங்க. அருமையாச் சொன்னாங்க. நானே கைதட்டிட்டேன். தட்டிய பிறகுதான் நான் எதிரணி என்று ஞாபகம் வந்தது. (சிரிப்பு)

அம்மா, ஒன்று கேட்கிறேன். துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டை எப்போது கொடுத்தான்? பிறந்தநாளுக்கா கொடுத்தான்? தீபாவளிக்கா கொடுத்தான்? அரங்கேற்ற மேடையில், எதிரே அர்ஜுனன் வில்லோடு நிற்கிறான். அவனுக்குச் சமமாக நிற்க ஒரு வில்லாளி வேண்டும். அந்த நிமிஷத்தில் கொடுத்தான். அதுவரைக்கும் அந்தத் தேரோட்டி மகன் அதே ஊரில்தானே இருந்தான்? அப்போதெல்லாம் பாசம் வரவில்லையே! (கைதட்டல்) இருந்தாலும் துரியோதனனை நான் ஒரு விஷயத்தில் பாராட்டுவேன். ‘எனக்கு உன் நட்பு போதும்’ என்றான். பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கவில்லை. அமெரிக்கா கேட்கிறது, ஐயா. ஒன்றல்ல, வரிசையாகக் கேட்கிறது.

முதலில் சபைக்கு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் சிப்பாய்க்குப் படிப்புச் செலவு இரண்டு வழியாக வரும். ஒன்று, ‘ஜி.ஐ. பில்’ என்று சொல்கிற சட்டம். பெரும்பாலும் பட்டாளத்தை விட்டு வெளியே வந்த பிறகு அதில் படிப்பார்கள். இரண்டாவது, ‘டியூஷன் அசிஸ்டன்ஸ்’. உடுப்பு மாட்டிக்கொண்டு பணியில் இருக்கும்போதே, டூட்டி நேரம் போக மிச்ச நேரத்தில் கல்லூரியில் சேர்ந்து படிக்க, ராணுவம் நேராகக் கல்லூரிக்குப் பணம் கட்டுகிறது. அங்கே படிப்பைக் ‘கிரெடிட்’ என்று எண்ணுவார்கள். ஒரு பாடம் என்றால் மூன்று கிரெடிட், நான்கு கிரெடிட். 120 கிரெடிட் சேர்த்தால் ஒரு பட்டம். ஒரு கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை ராணுவம் கொடுக்கும். வருஷத்துக்கு உச்சவரம்பு 4,500 டாலர். இந்த வரம்பை வகுத்தது 2002-இல். 2024-இலும் அதே 250, அதே 4,500! இருபது வருஷத்தில் அமெரிக்காவில் காபி விலை ஏறிவிட்டது, வீட்டு வாடகை ஏறிவிட்டது, கல்லூரிக் கட்டணம் கேட்கவே வேண்டாம். நன்றி மட்டும் விலை ஏறவில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 4,500-ஐ 250-ஆல் வகுத்தால் 18. வருஷத்துக்கு 18 கிரெடிட். பட்டத்துக்கு வேண்டியது 120. இந்தப் பணத்தை மட்டும் நம்பினால் எத்தனை வருஷம்? ஆறு வருஷம் எட்டு மாசம்! முதல் ஒப்பந்தம் பெரும்பாலானவர்களுக்கு எத்தனை வருஷம்? மூன்று, நான்கு. அப்போ ஒப்பந்தம் முடியும்போது பட்டம் பாதியில் நிற்கும். மிச்சத்தை இதே பணத்தில் முடிக்க என்ன செய்யணும்? மறுபடி கையெழுத்துப் போடணும். பயிற்சிக் காலத்தையே சில கிரெடிட்டாகக் கணக்கில் சேர்க்கிற ஏற்பாடு உண்டு, பரீட்சை எழுதிச் சில பாடங்களைத் தாண்டிவிடலாம். அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் மீன் பாதிப் புழுவைத் தின்னும்போது தூண்டில் எங்கே இருக்கும் என்று மீனவர் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள்.

எதிரணியில் முதலில் பேசிய தம்பி 1944-ஐப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1944 ஜூன் 22-ஆம் தேதி கையெழுத்திட்ட ஜி.ஐ. பில். நார்மண்டிக் கரையில் படை இறங்கிப் பதினாறே நாள். போர் முடிந்து வருகிற வீரனுக்கு வருஷத்துக்கு 500 டாலர் வரை கட்டணம், மேலே மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம். 1947-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் போர் வீரர்கள். 1956-க்குள் 78 லட்சம் பேர் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். அவர்களில் கல்லூரிக்குப் போனவர்கள் மட்டும் 22 லட்சம். பட்டறைக்காரன் மகன் பொறியாளர் ஆனான், பால்காரன் மகன் டாக்டர் ஆனான். ஐயா, இதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், ‘இவனுங்க வந்தா கல்லூரியெல்லாம் நாடோடிக் கூடாரமாகிவிடும்’ என்கிற பொருள்பட எழுதினார். வந்தவர்கள் நன்றாகவே படித்து அவர் வாயை அடைத்தார்கள்.

ஆனால் தம்பி ஒரு வருஷத்தைச் சொல்லாமல் விட்டுட்டார். 1932. அதையும் சொல்லணும் இல்லையா? முதல் உலகப் போரில் சண்டை போட்டு வந்தவனுக்கு, ‘உனக்குப் போனஸ் தர்றோம், ஆனா 1945-இல்தான் கைக்கு வரும்’ என்று பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நடுவில் பஞ்சம் வந்துவிட்டது, வேலை இல்லை, சோறு இல்லை. ‘இப்பவே கொடுங்க’ என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆயிரக்கணக்கான மாஜி சிப்பாய்கள் வாஷிங்டனுக்குப் போய்க் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அரசாங்கம் என்ன செய்தது? ஜூலை 28-ஆம் தேதி, ஜெனரல் மெக்ஆர்தர் தலைமையில் ராணுவத்தையே அனுப்பியது. கண்ணீர்ப் புகை, டாங்கி, துப்பாக்கி முனையில் கத்தி. குடிசைகள் எரிந்தன. தன் தேசத்து வீரனைத் தன் தேசத்து வீரனே விரட்டினான், ஐயா! (அரங்கில் அமைதி)

அந்த நினைப்பு 1944-இல் யாருக்கும் போகவில்லை. ஒன்றரைக் கோடிக்கும் மேல் ஆட்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒரே நேரத்தில் வேலை தேடி ஊருக்கு வந்தால் என்ன ஆகும்? அத்தனை பேருக்கும் வேலை எங்கே? பாதிப் பேரையாவது கொஞ்ச காலம் வகுப்பில் உட்கார வைப்போம் என்கிற கணக்கும் அந்தச் சட்டத்தில் இருந்தது. நன்றி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பக்கத்திலேயே பயமும் உட்கார்ந்திருந்தது. அந்த நன்றியாவது எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்ததா? சட்டத்தில் நிறம் எழுதவில்லை. ஆனால் தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரி வாசலில் கறுப்பு வீரனுக்குக் கதவு திறக்கவில்லை. கறுப்பர் கல்லூரிகளில் இடம் போதவில்லை. ஒரே போரில் ஒரே குண்டுக்கு முன்னால் நின்றவர்கள்தானே?

சரி, 1944-ஐத் தம்பிக்கே விட்டுக்கொடுக்கிறேன். வைத்துக்கொள்ளட்டும். (சிரிப்பு) அது போர் முடிந்து வீட்டுக்குப் போகிறவனுக்குக் கொடுத்தது. அவனிடம் இனிமேல் வேலை வாங்க வேண்டியதில்லை. நம்ம வழக்கு 1973-க்குப் பிறகு. அந்த வருஷம் அமெரிக்கா கட்டாய ராணுவ சேவையை நிறுத்திவிட்டது. இனிமேல் யாரையும் ‘வா’ என்று இழுக்க முடியாது, தானாக வரணும். தானாக யார் வருவார்கள்? ஆசை காட்டணும். 1984-இல் ஒரு சட்டம் போட்டு 1985-இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், ‘மாண்ட்கமரி ஜி.ஐ. பில்’ என்று. அந்தச் சட்டத்தின் நோக்கம் என்ன என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதில், தகுதியான ஆட்களைப் படையில் சேர்க்கவும், சேர்ந்தவர்களைத் தக்கவைக்கவும் இது உதவும் என்று வருகிறது. தூண்டில் என்று நான் சொல்லவில்லை, ஐயா! தூண்டில் போட்டவரே ‘இது தூண்டில்’ என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறார்! (பலத்த கைதட்டல்)

இன்னொரு வேடிக்கை. அந்தத் திட்டத்தில் சேர்ந்த சிப்பாயின் சம்பளத்தில் முதல் பன்னிரண்டு மாசம், மாசத்துக்கு 100 டாலர் பிடித்தார்கள். மொத்தம் 1,200 டாலர். படிக்காமல் போனால் பொதுவாக அந்தப் பணம் திரும்ப வராது. கல்யாண வீட்டில் மொய் எழுதச் சொல்வார்கள், பார்த்திருக்கிறேன். நன்றி சொல்வதற்கு மொய் வாங்குகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன்! (சிரிப்பு)

‘அதெல்லாம் பழசு, 2008-இல் புதுச் சட்டம் வந்துவிட்டதே’ என்று அம்மா சொன்னாங்க. வந்தது. நல்ல சட்டம். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பணி செய்தவர்களுக்கானது. மூன்று வருஷம் முழுசாகப் பணி செய்தவனுக்கு 36 மாசப் படிப்பு. அரசுக் கல்லூரி என்றால் உள்ளூர் மாணவர் கட்டுகிற கட்டணம் முழுசும் வரும். ஆனால் அந்தச் சட்டம் வரும்போது நடந்த சண்டை இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதும், நடுவர் ஐயா இப்போதே தீர்ப்பு எழுதிவிடலாம்.

சட்டத்தைக் கொண்டுவந்தவர் வர்ஜீனியா செனட்டர் ஜிம் வெப். வியட்நாமில் சண்டை போட்டவர். அவருடைய வாதம் எளிமையானது: இவன் உழைத்தான், படிக்க வையுங்கள். எதிர்த்தவர் யார்? ஜான் மெக்கெயின். அவரும் வியட்நாமில் பறந்தவர், ஐந்து வருஷத்துக்கு மேல் கைதியாக இருந்தவர். சிப்பாய்மேல் அன்பில்லாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அவரும் பாதுகாப்புத் துறையும் எதற்காகத் தயங்கினார்கள்? மூன்று வருஷத்திலேயே இவ்வளவு கொடுத்தால், வாங்கிக்கொண்டு படிக்கப் போய்விடுவான், படையில் தங்க மாட்டான் என்று! நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணக்கே போட்டது. புதிதாகச் சேருவோர் 16 சதவீதம் கூடுவார்கள், திரும்பக் கையெழுத்துப் போடுவோர் 16 சதவீதம் குறைவார்கள் என்று.

அம்மா, நன்றி சொல்கிற வீட்டில் இந்தக் கணக்கு ஓடுமா? உங்க வீட்டுக்கு ஒருவர் வந்து ஆபத்தில் உதவினார். அவருக்குச் சாப்பாடு போடுறீங்க. உள்ளே சமையற்கட்டில் போய், ‘ரொம்பப் போடாதே, வயிறு ரொம்பினா எழுந்து போயிடுவான்’ என்று குசுகுசுன்னு பேசுவீங்களா? (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

கடைசியில் எப்படிச் சமாதானம் ஆனார்கள்? ‘சரி, இந்தப் படிப்பு உரிமையை நீ உன் மனைவிக்கோ பிள்ளைக்கோ எழுதி வைக்கலாம்’ என்று ஒரு வாசலைத் திறந்தார்கள். கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அதற்கு ஆறு வருஷம் பணி முடித்திருக்கணும். முடித்தபிறகு? இன்னும் நான்கு வருஷம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடணும். அப்பன் பத்து வருஷம் துப்பாக்கி பிடித்தால் மகள் காலேஜுக்குப் போகலாம். பணியில் இருக்கும்போதே படிப்புதவி வாங்குகிற அதிகாரி என்றால் அவருக்கும் சேர்த்து ஒன்று உண்டு. பாடம் முடிந்த பிறகு இரண்டு வருஷம் கட்டாயம் இருக்கணும்.

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். ‘பொதுப்பணம்தானே, நிபந்தனை இல்லாமல் அள்ளிக் கொடுக்க முடியுமா?’ என்று அடுத்து வந்து கேட்பார். ஐயா, நிபந்தனை நியாயம்தான். நான் அதைக் குறை சொல்லவே இல்லை. இவ்வளவு வருஷம் நீ இரு, இவ்வளவு பணம் நான் தர்றேன் என்றால் அது ஒப்பந்தம். கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நடக்கிற நியாயமான வியாபாரம். வியாபாரத்துக்கு நன்றிக்கடன் என்று பெயர்ப் பலகை மாட்டாதீங்க, அவ்வளவுதான்.

இப்போ என் அண்ணன் மகள் விஷயத்துக்கு வர்றேன். அவளுக்கு நர்ஸ் ஆகணும் என்று ஆசை. மார்க்கு இருக்கிறது, காலேஜில் இடம் கிடைக்கிறது. கட்டணத்தைப் பார்த்ததும் அண்ணன் கடன் வாங்கத் தயாரானார். அந்த ஊரில் படிப்புக்குக் கடன் வாங்குவது சாதாரணம். அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய படிப்புக் கடன் மட்டும் 2022 கணக்குப்படி 1.6 லட்சம் கோடி டாலர்! நாற்பது வயதிலும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு இந்தப் பெண், பதினெட்டு வயசுப் பெண், ‘அப்பா, நீங்க கடன் வாங்க வேண்டாம்’ என்று போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான்கு வருஷம். அண்ணி மூன்று நாள் சாப்பிடவில்லை.

ராணுவ மருத்துவ உதவியாளர் வேலை. பகல் முழுக்கப் பயிற்சி, முதுகில் மூட்டை, ஓட்டம். ராத்திரி பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் பாடம். ஒருநாள் என்னிடம் போனில் சொன்னாள், ‘சித்தப்பா, எலும்பு பேர் எல்லாம் படிக்கிறேன், படிச்சு முடிக்கிறதுக்குள்ள என் எலும்பே வலிக்குது’ என்று. (சிரிப்பு) சிரிக்கிறீங்க. நானும் அன்னைக்குச் சிரிச்சேன். அந்தப் பருவத்தில் இவளுடைய பிரிவு காட்டில் பயிற்சிக்குப் போனது. திரும்பி வந்து பரீட்சை எழுதினாள். உடற்கூறியல் பாடம், நான்கு கிரெடிட். ‘சி’ வாங்கணும். இவள் வாங்கியது ‘டி’. விதிப்படி, ‘சி’-க்குக் கீழே போனால் ராணுவம் கட்டிய பணத்தைச் சிப்பாய் திருப்பிக் கட்டணும். நான்கு கிரெடிட், 250 டாலர். ஆயிரம் டாலர், சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பணி காரணமாகப் படிப்பை விட நேர்ந்தால் மேலதிகாரி கடிதம் கொடுத்து விலக்கு வாங்க வழி உண்டு. உண்மையைச் சொல்லணும் இல்லையா? நான் அதைத்தான் கேட்டேன், ‘ஏம்மா கடிதம் வாங்கலை?’ என்று. ‘நான் விடலையே சித்தப்பா, எழுதிட்டேனே. எழுதித் தோத்ததுக்கு யார் கடிதம் கொடுப்பாங்க?’ என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே இத்தனை பேர் முன்னால் பேசுகிற எனக்கு, அன்னைக்குப் பேச்சு வரவில்லை.

2019-இல் நான்கு வருஷம் முடிந்தது. பாதிப் படிப்பு பாக்கி. மறுபடி மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் என்னிடம், ‘அவளுக்குப் பிடிச்சிருக்குடா’ என்றார். பிடித்திருந்திருக்கலாம். கூட இருந்தவர்களைப் பற்றிப் பாசமாகத்தான் பேசுவாள். ஆனால் அந்தப் பாதிப் படிப்பு பாக்கியில்லாமல் இருந்திருந்தால் போட்டிருப்பாளா? எனக்குத் தெரியாது ஐயா. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, கொஞ்சம் நேரம் அழுகையை ஒத்திவைப்போம். நடுவர் ஐயா, நம்ம ஆட்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2009-இலிருந்து 2016 வரைக்கும் அமெரிக்க ராணுவம் ஒரு திட்டம் வைத்திருந்தது. குடியுரிமை இல்லாதவர்கள், ஆனால் அங்கே சட்டப்படி தங்கியிருப்பவர்கள், சில மொழிகள் தெரிந்திருந்தால் படையில் சேரலாம், சீக்கிரம் குடியுரிமை கிடைக்கும் என்று. அந்த மொழிப் பட்டியலில் நம்ம தமிழும் இருந்தது! தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று என்னை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு உள்ளூரில் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள், அமெரிக்கா துப்பாக்கியே கொடுத்திருக்கிறது! (நீண்ட சிரிப்பு, கைதட்டல்) தமிழின்மேல் உள்ள நன்றியிலா கொடுத்தது? தேவை இருந்தது, கொடுத்தது. தேவை மாறியது, 2016-இல் நிறுத்தியது.

அதே மாதிரிதான் 2013 மார்ச் மாசம். அமெரிக்காவில் செலவுக் குறைப்பு வந்தது. தரைப்படை, விமானப்படை, மரீன் படை மூன்றும் பணியில் இருக்கிறவர்களுக்கான படிப்புதவியைச் சட்டென்று நிறுத்திவிட்டன. அடுத்த பாடத்துக்குப் பணம் இல்லை, போ என்று. சிப்பாய்கள் கொதித்தார்கள், குடும்பங்கள் கொதித்தன. அந்த மாசம் முடிவதற்குள்ளேயே நாடாளுமன்றம் தலையிட்டுத் திரும்பக் கொடுக்க வைத்தது. நாடாளுமன்றத்துக்கு வாழ்த்து. ஆனால் விமானமும் கப்பலும் வாங்குகிற ஒரு பட்டியலில், உடனே கை வைக்கத் தோன்றிய இடங்களில் சிப்பாயின் பாடப்புத்தகமும் ஒன்று. கடன் என்றால் அப்படி நிறுத்த முடியுமா? வீட்டுக்கடன் தவணையை நாம் அப்படி நிறுத்திப் பார்க்கட்டுமா?

இந்தப் பணத்தைச் சுற்றி வந்த இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் போக முடியாது. லாபத்துக்கு நடத்துகிற கல்லூரிகள். மத்திய அரசின் மாணவர் உதவியிலிருந்து ஒரு கல்லூரி தன் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, மிச்சம் பத்தாவது வெளியிலிருந்து வரணும் என்று அங்கே ஒரு விதி. ஆனால் சிப்பாயின் படிப்புப் பணம் அந்த 90-இல் சேராது, ‘வெளிப்பணம்’ என்று கணக்கானது. அப்போ ஒரு சிப்பாயைப் பிடித்துச் சேர்த்தால், அவனைக் காட்டி இன்னும் ஒன்பது பங்கு அரசுப் பணம் எடுக்கலாம்! விடுவார்களா? முகாம் வாசலில் ஈ மாதிரி மொய்த்தார்கள். 2016 செப்டம்பரில் ஐ.டி.டி. டெக் என்ற பெரிய நிறுவனம் ஒரே நாளில் மூடியபோது, அதில் படித்த மாஜி வீரர்கள் பட்டமும் இல்லாமல், செலவான படிப்பு மாசங்களும் இல்லாமல் நடுத்தெருவில் நின்றார்கள். அந்த மாசங்களைத் திருப்பித் தர 2017-இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. அந்த 90 சதவீத ஓட்டையை அடைக்கும் சட்டம் 2021-இல் வந்து, 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எத்தனை வருஷம் பாருங்க! தன் தாய்க்குத் தர வேண்டிய மருந்துப் பணத்தை யாரோ நடுவில் திருடினால் எந்த மகனாவது இவ்வளவு வருஷம் பார்த்துக்கொண்டிருப்பானா?

மணி அடிக்கப் போறீங்க, தெரியுது ஐயா. இன்னும் ஒன்றே ஒன்று. 2022 ஆகஸ்டில் ஜனாதிபதி பைடன் மாணவர் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யப்போவதாக அறிவித்தார். பிறகு 2023-இல் அந்த ஊர் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது, அது வேறு கதை. அறிவித்த உடனே இந்தியானா மாநிலத்து எம்.பி. ஒருவர், ஜிம் பேங்க்ஸ் என்று பெயர், எதிர்ப்புத் தெரிவித்தார். என்ன காரணம் சொன்னார்? கடனைத் தள்ளுபடி செய்தால், ராணுவத்துக்கு ஆள் சேர்க்கிற முக்கியமான கருவியே பலவீனமாகிவிடும் என்று! அந்த வருஷம் தரைப்படை 60,000 பேரைச் சேர்க்க நினைத்து 15,000 பேர் குறைந்திருந்த நேரம். அவர் மனசில் இருந்ததை மறைக்காமல் சொன்னார். நான் அவரை மதிக்கிறேன்.

அதற்கு என்ன அர்த்தம், ஐயா? கல்லூரிக் கட்டணம் குறைந்தால் படைக்கு ஆள் குறையும். அப்படியென்றால் கட்டணம் ஏறினால்? பசி அதிகமானால் தூண்டிலுக்கு நல்லது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் புழு தேவையில்லை. அது வேறு குளத்து மீன். வாடகை வீட்டில், மூன்று பிள்ளைகளுக்கு நடுவில், நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் இந்தக் கரைக்கு வரும். வள்ளுவர் கல்விக்குத் தனியாக அதிகாரம் வைத்தார், படைக்குத் தனியாக அதிகாரம் வைத்தார். இதுக்காக அது என்று இரண்டையும் அவர் முடிச்சுப் போடவில்லை. (கைதட்டல்)

என் பெண்ணும் நன்றாக இருக்கிறாள், கவலைப்படாதீங்க. 2022-இல் வெளியே வந்தாள். ஜி.ஐ. பில் பணத்தில் மிச்சப் படிப்பைப் படித்து முடித்தாள். இன்றைக்கு அவள் நர்ஸ். இடது முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது சொன்ன பேச்சு கேட்காது. எதிரணித் தலைவர் வந்து, ‘பார்த்தீர்களா, உங்க வீட்டுப் பெண்ணே படித்துவிட்டாள்’ என்பார். சொல்லட்டும். புழுவைத் தின்றுவிட்டுத் தப்பி வந்த மீன்கள் உண்டு, லட்சக்கணக்கில் உண்டு. அதனால் தூண்டில் மாலையாகிவிடுமா?

அவளுக்கு ஒரு தம்பி. 2023-இல் அவனுக்குப் பதினேழு வயசு. அந்த ஊரில் ஒரு சட்டம், பெற்றோர் எழுதிக் கொடுத்துத் தடுக்காவிட்டால், மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் பெயர், விலாசம், போன் நம்பரை ராணுவம் கேட்டால் பள்ளிக்கூடம் தரணும். அண்ணனுக்கு அப்படி எழுதிக் கொடுக்கத் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் வீட்டில் போன் மணி அடித்தது. அண்ணி எடுத்தாங்க. ரொம்ப மரியாதையான குரல். பையன் இருக்கிறானா என்று கேட்டது. ‘என்ன விஷயம்?’ என்றாங்க அண்ணி. நாட்டுப்பற்று, வீரம், கொடி, ஒன்றும் இல்லை ஐயா. முதல் கேள்வியே, ‘பையனோட காலேஜ் செலவுக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?’

அண்ணி போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. மாடிப்படியில் இறங்கி வந்த மகளிடம் நீட்டினாங்க. அவள் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வாங்கி, ‘சார், அவன் வீட்டில் இல்லை’ என்றாள். அவன் அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். 

(நீண்ட கைதட்டல்)